ஆஃபர் லெட்டர்ல இருக்குற 4000 ஆப்ஷன்

வணக்கம் அக்கா,

ஒரு சர்வீஸ் கம்பெனில மூணு வருஷமா மேனுவல் டெஸ்டிங், அதாவது சாஃப்ட்வேர ஓட்டிப் பாத்து தப்பு கண்டுபிடிக்கிற வேல பண்றேன். இப்ப சென்னைலயே 30 பேர் இருக்குற ஒரு ஸ்டார்ட்அப்ல டெவலப்பரா கூப்பிடுறாங்க. சம்பளம் கொஞ்சம்தான் கூட, ஆனா 4000 ஸ்டாக் ஆப்ஷன் (கம்பெனி ஷேர முன்னாடியே சொன்ன விலைக்குப் பின்னாடி வாங்கிக்கிற உரிமை) உண்டாம், நாலு வருஷத்துல லைஃபே மாறிடும்ங்கறாங்க. அப்பா ரிட்டயர் ஆயிட்டார், தங்கச்சி காலேஜ் படிக்கிறா. வீட்ல வேணாங்கறாங்க, ஃப்ரெண்ட்ஸ் ஃப்ரெஷ்வொர்க்ஸ பாருடாங்கறாங்க. என்ன பண்ணட்டும்?

கே., தாம்பரம்

அன்புள்ள கே,

ஃப்ரெண்ட்ஸ் சொல்றதுல பொய் இல்ல. ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010ல சென்னைல ஆரம்பிச்ச சாஃப்ட்வேர் கம்பெனி, 2021 செப்டம்பர்ல நாஸ்டாக்ங்கற அமெரிக்கப் பங்குச் சந்தைல லிஸ்ட் ஆனப்ப 500 ஊழியர்களுக்கு மேல கோடீஸ்வரங்க ஆனாங்க. நம்ம ஊர்ல நடந்துச்சேனு எனக்கு இன்னிக்கும் சந்தோஷம்தான். ஆனா அதுக்கு 11 வருஷம் ஆச்சு, 36 டாலருக்கு வந்த ஷேர் அடுத்த வருஷமே பாதிக்கும் கீழ இறங்குச்சு. ஜெயிச்ச கம்பெனிலயே இவ்ளோ ஏத்த இறக்கம். லிஸ்டே ஆகாம போற கம்பெனிங்கதான் ஜாஸ்தி.

அதனால முதல்ல அந்த 4000த்த கேள்வி கேளுங்க. மொத்தம் எத்தன ஷேர்ல 4000? ஒரு லட்சத்துல 4000ன்னா பெரிய விஷயம், ஒரு கோடில 4000ன்னா 0.04 சதவீதம். இத சொல்லத் தயங்குனாங்கன்னா அந்த ஆப்ஷனுக்கு மனசுல பூஜ்யம்னு போட்டுக்கங்க. முதல் வருஷம் முடியறதுக்குள்ள வெளிய வந்தா ஒண்ணும் கிடைக்காது. கம்பெனிய யாராச்சும் கம்மி விலைக்கு வாங்குனா, பெரும்பாலும் இன்வெஸ்டர் போட்ட பணத்த எடுத்தப்பறம் மிச்சம் இருந்தாதான் உங்களுக்கு.

டாக்ஸ் இன்னொரு தலவலி, இத யாரும் இன்டர்வியூல சொல்றதில்ல. 10 ரூபாய்க்கு ஷேர் வாங்கிக்கலாம்னு ஆப்ஷன் குடுத்திருக்காங்க, நீங்க எக்சர்சைஸ் பண்ற, அதாவது அந்த விலைக்கு ஷேர வாங்குற அன்னிக்கு அதோட மதிப்பு 500னு வச்சுக்கங்க. 490 பெருக்கல் 4000, 19 லட்சத்து 60 ஆயிரம் உங்க சம்பளத்தோட சேர்ந்துடும். 30 சதவீத ஸ்லாப்னா செஸ்ஸும் சேர்த்து 6 லட்சத்துக்கு மேல வரி, ஷேர விக்க ஆளே இல்லாம, கைல ஒரு ரூபா வராமலே. அரசாங்க சர்டிஃபிகேட் வாங்குன சில ஸ்டார்ட்அப்ல மட்டும் இந்த வரிய தள்ளிக் கட்டலாம், ஆனா வேலய விட்டா உடனே கட்டணும். நிறைய இடத்துல வேலய விட்ட 90 நாளுக்குள்ள எக்சர்சைஸ் பண்ணலன்னா அதுவும் போச்சு.

இவ்ளோ சொல்லிட்டு, போங்கனுதான் சொல்லுவேன். காரணம் ஆப்ஷன் இல்ல, டெஸ்டிங்ல இருந்து டெவலப்மென்ட்டுக்குப் போற கதவு. பெரிய கம்பெனில அந்த மாத்தலுக்கு மேனேஜர் பின்னாடி வருஷக்கணக்கா அலையணும். 30 பேர் இருக்குற இடத்துல வெள்ளிக்கிழம ராத்திரி பேமென்ட் போகலனு கஸ்டமர் மெசேஜ் போட்டா அது யார் வேலைனு யாரும் தேட மாட்டாங்க, நீங்களே சிஸ்டத்தோட பதிவுகள திறந்து பாத்து, நீங்களே சரி பண்ணி, நீங்களே அந்த கஸ்டமர்கிட்ட பேசணும், தூக்கம் போகும், ஆனா அப்படி கத்துக்கிட்டது எங்க போனாலும் சோறு போடும். ஒண்ணு மட்டும் கேளுங்க, நான் எழுதுற கோட யார் ரிவ்யூ பண்ணுவாங்க? பதில்ல ஒரு சீனியர் பேர் வரலன்னா போகாதீங்க, ரெண்டு வருஷம் தப்பாவே பழகிடுவீங்க.

வீட்ல பயப்படறதும் நியாயம். 2022ல 22 பில்லியன் டாலர் மதிப்புனு சொன்ன ஆன்லைன் கல்வி கம்பெனி பைஜூஸ்லயே 2024ல சம்பளம் லேட் ஆச்சு. பேங்க்ல எத்தன மாசத்துக்குப் பணம் இருக்குனு ஃபவுண்டர்கிட்டயே நேரா கேளுங்க, கம்பெனி விவகார அமைச்சகத்தோட வெப்சைட்ல கொஞ்சம் ஃபீஸ் கட்டி அவங்க தாக்கல் பண்ண கணக்கயும் பாருங்க. முக்கியமா அப்பாவோட ஹெல்த் இன்சூரன்ஸ். இப்ப உங்க கம்பெனி பாலிசில அவர் இருந்தா, ரிசைன் பண்ணா அது போயிடும், தனியா எடுத்தா பழைய சுகர், பிபிக்கு 3 வருஷம் வரைக்கும் வெயிட்டிங் போடுவாங்க. இப்பவே எடுத்துடுங்க.

ஆறு மாச வீட்டுச் செலவும் தங்கச்சியோட அடுத்த ஃபீஸும் கைல இருந்தா தைரியமா சேருங்க. இல்லன்னா அது சேர்ற வரைக்கும் இருக்குற வேலய விடாதீங்க, சாயங்காலத்துல கோடிங் பழகிட்டே இருங்க. எதுவா இருந்தாலும் ஆப்ஷன் கணக்க எழுத்துல வாங்கிட்டு அப்பறம் ரிசைன் பண்ணுங்க.