மிச்சமான மிட்டாயை என்ன செய்வது? வாசகர் கேள்வி பதில்

பண்டிகை முடிந்த கையோடு எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே டப்பாவைப் பற்றித்தான். ஃப்ரிட்ஜ் மேலேயோ அலமாரி மூலையிலேயோ பாதி காலியாக உட்கார்ந்திருக்கும் மிட்டாய் டப்பா. பிடித்ததை எல்லாம் எல்லோரும் பொறுக்கித் தின்றாயிற்று, மீதியை யாரும் சீண்டுவதில்லை. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

"கிறிஸ்துமஸுக்கு வந்த மிட்டாய் ஒரு டப்பா நிறைய இருக்கிறது அக்கா. சாக்லேட், டாஃபி, ஜெல்லி, சப்புகிற மிட்டாய் எல்லாம் கலந்து கிடக்கிறது. மொத்தத்தையும் நறுக்கி கேக் மாவில் போட்டுவிடலாமா?"
இரண்டு பிள்ளைகளின் அம்மா

தாராளமாகப் போடலாம். வெளியே வருவது கேக்காக இருக்காது, அவ்வளவுதான்.

ஒரே டப்பாவில் கிடப்பதால் எல்லாம் ஒரே சாமான் என்று நினைத்துவிடுகிறோம். ஓவனுக்குள் போனதும் ஒவ்வொன்றும் அதனதன் குணத்தைக் காட்டிவிடும். சாக்லேட்டில் இருக்கும் கோகோ பட்டர் என்ற கொழுப்பு 34 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடும். அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது. ஜெல்லி மிட்டாயைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் ஜெலட்டின். அதுவும் சூடு தாங்காது. மெல்லுகிற கேரமல் டாஃபி, பாலும் சர்க்கரையும் சேர்ந்து 120 டிகிரி வாக்கில் காய்ந்தது. சப்புகிற கடின மிட்டாய், சர்க்கரைப் பாகை 150 டிகிரி வரை கொண்டுபோய் ஆறவிட்டது. தண்ணீர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நீங்கள் கேக் சுடுவதோ 170, 180 டிகிரியில். இந்த நான்கும் அதில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஆகவே முதல் வேலை பிரிப்பது. மேசையில் பேப்பரை விரித்து டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள், கொஞ்சம் சேதாரம் இருக்கும். சாக்லேட் ஒரு குவியல், டாஃபி ஒரு குவியல், கடின மிட்டாய் ஒன்று, ஜெல்லியும் மார்ஷ்மெல்லோவும் ஒன்று. தேதி தாண்டியது, உறையோடு ஒட்டிப் பிசுபிசுத்துப் போனது, வாசனை மாறியது எல்லாம் நேராகக் குப்பைக்கு. பேக் செய்தால் சரியாகிவிடும் என்று அவற்றை எடுத்து வைக்காதீர்கள். வேர்க்கடலை, பாதாம் மாதிரி கொட்டைகள் உள்ளதன் உறையை மட்டும் பத்திரப்படுத்துங்கள். சுட்டதை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒவ்வாமை என்பது விளையாட்டு இல்லை.

மாவுக்குள் போகத் தகுதியுள்ளது சாக்லேட் மட்டும்தான். டாஃபியை நடுவில் ஒளித்து வைக்கலாம். கடின மிட்டாயைப் பொடித்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஜெல்லி ஓவன் வாசலையே மிதிக்கக் கூடாது.

இன்னொன்று. துண்டுகளை மைதாவில் புரட்டிப் போட்டால் கேக்கின் அடிக்குப் போகாது என்று எல்லோரும் சொல்வார்கள். மாவு தளர்வாக இருந்தால் எதில் புரட்டினாலும் அடிக்குத்தான் போகும். கரண்டியிலிருந்து மெதுவாக, கட்டியாக விழும் மாவும், சுண்டு விரல் நகத்தில் பாதி அளவுத் துண்டுகளும் இருந்தால் புரட்டவே வேண்டாம்.

"சாக்லேட் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா? தூக்கிப் போட மனசு வரவில்லை மேடம்."
ஒரு வாசகி

பெரும்பாலும் பூஞ்சை இல்லை. வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ இருந்து லேசாக இளகி மறுபடி இறுகியிருக்கும். அப்போது கோகோ பட்டர் மேலே வந்து வெளிறிய படலமாகப் படியும். விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று கரைந்தால் அது கொழுப்பு. சொரசொரவென்று இருந்தால் அது சர்க்கரை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து உடனே பிரித்ததால் மேலே ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து, பிறகு காய்ந்திருக்கும். இரண்டுமே சாப்பிடக் கெடுதல் இல்லை, வாயில் வைத்தால்தான் சுண்ணாம்புக் கட்டி மாதிரி சப்பென்று இருக்கும். அதை பிரவுனிக்கு உருக்கிவிட்டால் பூத்தது, பூக்காதது என்ற வித்தியாசமே தெரியாது. பஞ்சு மாதிரி முடி முடியாக இருந்தாலோ சிக்கு வாடை அடித்தாலோ மட்டும் தூக்கிப் போடுங்கள். கொட்டை, கிரீம் பூரணம் உள்ள சாக்லேட்டில் அந்தச் சிக்கு வாடை சீக்கிரம் வரும்.

அடுத்த முறை குளிரில் வைத்திருந்தால், டப்பாவைத் திறக்காமல் வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

"மில்க் சாக்லேட்டை உருக்கி பிரவுனி செய்தேன். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை, அவ்வளவு தித்திப்பு. டார்க் சாக்லேட் வாங்கித்தான் செய்ய வேண்டுமா?"
புதிதாக ஓவன் வாங்கியவர்

வேண்டாம். வீட்டில் இருப்பதைத் தீர்க்கத்தானே இத்தனை பாடு!

மில்க் சாக்லேட்டில் ஏறக்குறையப் பாதி எடை சர்க்கரைதான். டார்க் சாக்லேட்டுக்கு எழுதிய குறிப்பில் அதைப் போட்டுவிட்டு, குறிப்பில் சொன்ன சர்க்கரையையும் முழுசாகக் கொட்டினால் வேறு என்ன ஆகும்? 100 கிராம் மில்க் சாக்லேட் போட்டால் 40, 50 கிராம் சர்க்கரையைக் குறையுங்கள். அதற்காகச் சர்க்கரையை அறவே எடுத்துவிடவும் கூடாது. பிரவுனியின் ஈரமும், மேலே வரும் மெல்லிய பளபளப்பான தோலும் சர்க்கரையால் வருபவை.

அளவு கேட்பீர்கள் என்று தெரியும். வெண்ணெய் 100 கிராம், மில்க் சாக்லேட் 150 கிராம், சர்க்கரை 90 கிராம், முட்டை 2, மைதா 60 கிராம், இனிப்பில்லாத கோகோ பவுடர் 25 கிராம், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித்தூள். வெண்ணெயையும் சாக்லேட்டையும் சேர்த்து உருக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக வெளுத்து நுரைக்கும்வரை அடித்து அதில் ஊற்றுங்கள். மைதா, கோகோ, உப்பு, காபித்தூளைச் சலித்துப் போட்டு, மாவு மறையும்வரை மட்டும் கிளறுங்கள். 20 சென்டிமீட்டர் சதுர டிரே, 170 டிகிரி, 20 முதல் 25 நிமிடம். குத்திப் பார்க்கும் குச்சியில் ஈரத் துணுக்குகள் ஒட்டும்போதே எடுத்துவிட வேண்டும். குச்சி சுத்தமாக வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். காபித்தூளைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். காபி வாசனை தூக்கலாகத் தெரியாது, அந்தக் கசப்புதான் தித்திப்பை அடக்கும்.

கேரமல் டாஃபி இருந்தால் இதிலேயே சேர்க்கலாம். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பாதி மாவை ஊற்றி, டாஃபிகளை இடைவெளி விட்டு வைத்து, மீதி மாவால் மூடுங்கள். டிரேயின் ஓரத்தைத் தொடவே கூடாது. ஓரத்தில் பட்டது கருகி, கல்லாகி, டிரேயை விடாது.

"பிறந்தநாள் கேக் மேலே ஜெல்லி கரடிகளை வரிசையாக வைத்து பேக் செய்தேன் ஆன்ட்டி. கரடி எல்லாம் உருகிக் கலர் கலராகக் குட்டை கட்டி, ஆறினதும் பல்லு உடைகிற மாதிரி ஆயிடுச்சு. ஏன்?"
ஒன்பதாம் வகுப்பு மாணவி

உன் மேல் தப்பே இல்லை கண்ணு. ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும், நீ வைத்ததோ கொதிக்கிற ஓவனில். உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகிப் போக, மிஞ்சின சர்க்கரைப் பாகு இறுகிவிட்டது. கேக்கை நன்றாக ஆறவைத்து, கிரீம் தடவி, அதன் மேல் கரடிகளை உட்கார வை. எந்தக் கரடிக்கும் ஒன்றும் ஆகாது.

வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் உறையைப் படித்துப் பார். ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பெக்டின் என்று போட்டிருந்தால் அது பழத்திலிருந்து வருவது. மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலும் ஜெலட்டின்தான். ஆனால் மார்ஷ்மெல்லோவைக் கடைசி இரண்டு மூன்று நிமிடம் ஓவனில் காட்டலாம், மேலே பொன்னிறமாக வரும். அங்கே இங்கே போகாமல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நில்.

"சப்புகிற மிட்டாயும் பெப்பர்மின்ட் குச்சியும்தான் எங்கள் வீட்டில் மலைபோல் கிடக்கின்றன. முட்டை சேர்க்காமல் ஏதாவது செய்ய முடியுமா?"
பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருக்கும் பாட்டி

டப்பாவிலேயே எனக்குப் பிடித்த குவியல் இதுதான் பாட்டி. ஜன்னல் குக்கீ செய்யுங்கள். குக்கீயின் நடுவில் ஓட்டை போட்டு மிட்டாய்ப் பொடியை நிரப்பிச் சுட்டால், அது உருகி வண்ணக் கண்ணாடி ஜன்னல் மாதிரி நிற்கும்.

மாவுக்கு 1:2:3 கணக்கு: சர்க்கரைத்தூள் 50 கிராம், வெண்ணெய் 100 கிராம், மைதா 150 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. முட்டையும் வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம்; மாவு உப்பினால் ஜன்னல் கோணிவிடும். பிசைந்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து, பெரிய அச்சால் வெட்டி, நடுவில் சின்ன அச்சால் ஓட்டை போடுங்கள். பேக்கிங் பேப்பர் விரித்த டிரேயில் அடுக்குங்கள். பேப்பர் கட்டாயம்.

மிட்டாயை நிறம் நிறமாகப் பிரித்துத் தடித்த கவரில் போட்டு, துணியில் சுற்றி, பூரிக்கட்டையால் தட்டுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லவே மாட்டார்கள். ரவை மாதிரி ஆனால் போதும். சிவப்பையும் பச்சையையும் ஒரே ஓட்டையில் கலந்தால் சேற்று நிறம்தான் வரும். வரிவரியான பெப்பர்மின்ட் குச்சி ஜன்னலுக்கு ஆகாது, கலங்கலாக இருக்கும். அதைப் பொடித்து, உருக்கிய சாக்லேட்டைத் தட்டில் பரப்பி அதன் மேல் தூவி இறுகவிடுங்கள், ஓவனே தேவையில்லை.

குக்கீயை 175 டிகிரியில் எட்டு நிமிடம் வெறுமனே சுடுங்கள். டிரேயை வெளியே எடுத்து, ஓட்டைகளில் விளிம்பு வரை பொடியை நிரப்புங்கள். விளிம்பில் சிந்தியதைத் துடைத்துவிட்டு மறுபடி நான்கைந்து நிமிடம். முதலில் பொடியின் ஓரம் ஈரமாக மினுங்கும். பிறகு நடுவில் இருக்கும் மேடு அமுங்கும். அப்புறம் சின்னச் சின்னக் குமிழி கிளம்பும். அந்தக் குமிழியைப் பார்த்ததும் எடுத்துவிடுங்கள். விட்டால் நிறம் பழுப்பேறிக் கசந்துபோகும்.

எடுத்த பிறகுதான் கவனம் வேண்டும். உருகிய மிட்டாய் பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடு அதிகம், விரலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். முழுசாக ஆறும்வரை பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பட்டுவிட்டால் வெண்ணெய், பற்பசை என்று எதையும் தடவாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஆறிய குக்கீயை டிரேயிலிருந்து எடுக்கக் கூடாது, அதன் அடியிலிருந்து பேப்பரை உரிக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரக் காற்று பட்டால் ஜன்னல் பிசுபிசுத்துவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அதே கதிதான்.

"சாக்லேட் உருக்கும்போது திடீரென்று கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?"
அவசரத்தில் இருக்கும் வாசகி

எங்கிருந்தோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்திருக்கிறது. ஈரக் கரண்டி, கீழே கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி, ஏதோ ஒன்று. கொஞ்சம் தண்ணீர்தான் எதிரி, நிறையத் தண்ணீர் நண்பன். 100 கிராமுக்கு மூன்று நான்கு டேபிள்ஸ்பூன் சூடான பால் அல்லது கிரீம் ஊற்றிக் கலக்குங்கள், வழவழவென்று சாஸ் ஆகிவிடும். அச்சில் ஊற்ற இனி ஆகாது, கேக் மேல் ஊற்றலாம்.

"குழந்தைகளுக்கு மிட்டாயே கெடுதல். அதைப் போய் வெண்ணெயும் மைதாவும் சேர்த்துச் சுடச் சொல்கிறீர்களே, இது என்ன நியாயம்?"
ஒரு தாத்தா

பாதி நியாயம் உங்கள் பக்கம்தான் ஐயா. பேக் செய்தால் மிட்டாய் சத்தான பண்டமாக மாறிவிடாது, நானும் அப்படிச் சொல்லவில்லை. தீர்க்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. உறை பிரிக்காத கடின மிட்டாயும் டார்க் சாக்லேட்டும் ஈரமில்லாத இடத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். பிரவுனியையும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, ஆள் வரும்போது எடுக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் சுட்டு, அதைத் தின்று தீர்க்கச் சொல்லிப் பிள்ளைகளைத் துரத்துவதில் எனக்கும் உடன்பாடில்லை.

"சர்க்கரை இல்லாத மிட்டாயில் செய்தால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்தானே?"
சர்க்கரை நோயாளியின் மனைவி

இல்லை. அவற்றில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் மால்டிடால், ஐசோமால்ட் போன்றவை அளவு மிஞ்சினால் வயிற்றைக் கலக்கிவிடும். மைதாவில் உள்ள மாவுச்சத்தும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். அளவை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். சாக்லேட்டும், சைலிடால் என்ற மாற்று இனிப்பு சேர்த்த மிட்டாயும் நாய்க்கு விஷம்.

"டிரேயில் மிட்டாய் உருகி, ஒட்டி, இரும்பாகிவிட்டது. எதைக் கொண்டு சுரண்டுவது?"
பெயர் வேண்டாம் என்றவர்

எதைக் கொண்டும் வேண்டாம். சர்க்கரைதானே, கரையும். டிரே நிறையச் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்ப் படுங்கள். காலையில் அப்படியே கொட்டிவிடலாம்.