வயலை விற்காதீர்கள், அண்ணன்

போன கிழமை மட்டக்களப்பு வெல்லாவெளியில் இருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்தது. மகன் உயர்தரத்தில் உயிரியல் படித்தவன். மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிவிட்டது. வெளிநாட்டுக்கு அனுப்பியாவது டொக்டராக்கச் சொல்லி லண்டன் பெரியப்பா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். தாய் அழுதார். ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு ஏக்கர் வயலை விற்கப்போவதாகத் தகப்பன் சொன்னதும் நிறுத்திவிட்டேன்.

வேண்டாம், அண்ணன். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே வேலை. அதுவரை எந்த வெள்ளாமையை நம்பி இருப்பீர்கள்? பெரியப்பா தருவது யோசனை மட்டும்தான்.

மகனிடம் பேசினேன். டெங்குக் காலத்தில் பி.எச்.ஐ.யோடு (பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு) வீடு வீடாகப் போனதைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தான். கிணற்றடிச் சிரட்டையில் நுளம்புக் குடம்பி நெளிவதைக் காட்டியதும், ஒரு அம்மம்மா அப்போதே முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாராம்.

சரி, அந்த வேலையையே பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு டெங்கு சந்தேகம் என்றால் எச் 544 படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வரும். பி.எச்.ஐ. அந்த வீட்டுக்கே போய் விசாரித்து எச் 411 நிரப்புவார். கிழமைதோறும் அந்தக் கணக்கு கொழும்பில் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். அயல்நாடுகளுக்கும் ஆபத்தான நோய் என்று மதிப்பிட்டால், 24 மணித்தியாலத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவித்தாக வேண்டும். நமது பிராந்தியத்துக்கான அதன் அலுவலகம் புதுடெல்லியில் இருக்கிறது. வெல்லாவெளி முற்றத்தில் எழுதியது அவ்வளவு தூரம் போகலாம்.

நோய்க்கு எல்லை தெரியாது என்றுதான் தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாடுகள் 1992இல் நேபாளத்தில் காசநோய் நிலையம் அமைத்தன. 2014க்குப் பிறகு சார்க் உச்சி மாநாடு கூடவில்லை. ஆனால் நோய் நிற்கவில்லை: 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றிதழ் பெற்ற நமக்கு, இன்றும் பயணம் போய் வருகிறவர்களோடு மலேரியா வருகிறது. தேடிப் பிடிக்கக் களத்தில் ஆள் வேண்டும். கூலிவேலை செய்கிறவர் இரண்டு கிழமை காய்ச்சலில் படுத்தால் மனைவியின் தோடு அடகுக்குப் போகும். அதைத் தடுக்கிறவனை நான் டொக்டருக்குக் கீழே வைக்க மாட்டேன்.

பி.எச்.ஐ. பயிற்சிக்கு வர்த்தமானியில் அழைப்பு வரும், ஆனால் வருடந்தோறும் வராது, கவனமாகப் பாருங்கள். பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. அதுவரை கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்தால் சேரட்டும்.

பெரியப்பா கோல் எடுத்தால் என் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.