மெடிக்கல் போர்டு பேப்பரில் அந்த இரண்டு "இல்லை"

முன்னாள் படைவீரர் கேள்வி - பதில்
(பதில் சொல்பவர் ராணுவ ரெக்கார்ட் ஆபீசில் கிளார்க்காகப் பணியாற்றி, சுபேதாராக ஓய்வு பெற்றவர்.)

என் கணவர் 1995இல் பட்டாளத்தில் சேர்ந்தார். 2004இல் வலிப்பு நோய் என்று மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 20 சதவீத ஊனம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் "சர்வீசால் வந்ததல்ல" என்று பென்ஷன் தரவில்லை. கிராஜுவிட்டி மட்டும் வந்தது. இத்தனை வருஷம் கழித்துக் கேட்க முடியுமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

முடியும் அம்மா. கட்டாயம் கேளுங்கள்.

முதலில் அந்த போர்டு பேப்பரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்று மேலே அச்சிட்டிருக்கும். எல்லோரும் சதவீதத்தைத்தான் பார்ப்பார்கள். அதைவிட முக்கியமாக அதில் இரண்டு கேள்விகள் உண்டு. நோய் சர்வீசால் வந்ததா? சர்வீசால் அதிகமானதா? இரண்டில் ஒன்றுக்கு "ஆம்" என்று இருந்தாலும் பென்ஷன் உண்டு. உங்கள் கணவருக்கு இரண்டிலும் "இல்லை" என்று எழுதியிருப்பார்கள். ஆபீசில் நாங்கள் அதை "என்.ஏ.என்.ஏ. கேஸ்" என்போம். இப்படிப்பட்ட பாரங்கள் கட்டுக் கட்டாக என் மேஜைக்கு வந்திருக்கின்றன. காரணம் கேட்கும் இடத்தில் "உடல்வாகால் வந்த நோய், சர்வீசுக்குத் தொடர்பில்லை" என்று ஒற்றை வரி இருக்கும். அந்த ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் சோறு போய்விடுகிறது. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

இதே மாதிரி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985இல் சேர்ந்தார். வலிப்பு நோய், 20 சதவீதம் என்று 1994இல் அனுப்பிவிட்டார்கள். இவருக்கும் "சர்வீசுக்குத் தொடர்பில்லை" என்றுதான் எழுதினார்கள். 2013 ஜூலையில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஆளைச் சேர்க்கும்போது டாக்டர் பார்த்து "ஃபிட்" என்றுதானே எடுத்தீர்கள்? அப்போது இந்த நோயைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லையென்றால், அது சர்வீசில் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும். இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது ராணுவம்; ஜவான் இல்லை. சந்தேகம் இருந்தால் அதன் பலனும் ஜவானுக்கே. காரணம் எழுதாத போர்டின் கருத்தை அப்படியே ஏற்கக் கூடாது என்றும் கோர்ட் சொன்னது. அந்தத் தீர்ப்பு 1982ஆம் ஆண்டு விதிகளை வைத்துச் சொன்னது. 2004இல் வெளியே வந்த உங்கள் கணவருக்கும் அந்த விதிகள்தான்.

ஆகவே, கணவரின் சர்வீஸ் நம்பரைப் போட்டு அவருடைய ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக். சேர்க்கும்போது எடுத்த மெடிக்கல் பாரம், போர்டு பேப்பர், பென்ஷனை மறுத்த கடிதம், மூன்றின் நகலையும் கேளுங்கள். தரவில்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். பிறகு பென்ஷன் கேட்டு மேல்முறையீடு அனுப்புங்கள். அதற்கு ஆறு மாதம்தான் கெடு, காலம் கடந்துவிட்டது என்று பதில் வரும். மனம் விட்டுவிடாதீர்கள், அந்தக் கடிதமும் நமக்குத் தேவை. அதோடு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், உங்கள் கணவரே நேரில் வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.

தாமதம் ஒரு தடைதான், ஆனால் கதவை மூடிவிடாது. 1983இல் வெளியே வந்த தர்செம் சிங் 1999இல்தான் கோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுகிற உரிமை என்பதால் உச்ச நீதிமன்றம் 2008இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் நிலுவையை மட்டும், வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே தரலாம் என்றது. "இருபது வருஷ அரியர் வாங்கித் தருகிறேன், எனக்குப் பாதி" என்று யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால், தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள். அதற்குக் காசு கிடையாது.

பென்ஷன் கிடைத்துவிட்டால் இன்னும் சிலது கூடவே வரும். ஊனத்தால் அனுப்பப்பட்டவருக்குச் சேவைப் பென்ஷன் பங்கை, அதாவது ஊனத்துக்கான தொகையோடு சர்வீசுக்காகச் சேர்த்துத் தருவதைத் தர, இத்தனை வருஷம் சர்வீஸ் வேண்டும் என்ற கணக்கில்லை. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டைக்கு வழி பிறக்கும். வலிப்பு மாத்திரையைக் கைக்காசு போட்டு வாங்கவேண்டியதில்லை. அவருக்குப் பிறகு உங்களுக்குக் குடும்பப் பென்ஷனும் உண்டு. இதற்காகத்தான் கட்டாயம் கேளுங்கள் என்கிறேன்.

2010இல் ஹவில்தாராக பென்ஷன் வந்தேன். காது கேளாமை 30 சதவீதம், சர்வீசால் வந்தது என்று ஒப்புக்கொண்டு தருகிறார்கள். அதே 30 சதவீதம் உள்ள என் நண்பருக்கு 50 என்று போட்டு வருகிறது. ஏன்?
- ஒரு வாசகர், கம்மவான்பேட்டை

உங்கள் நண்பர் நடுவிலேயே ஊனத்தால் அனுப்பப்பட்டவராக இருப்பார், அல்லது கேட்டு வாங்கியிருப்பார். 50க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்திக் கணக்கிடும் முறையை பிராட் பேண்டிங் என்பார்கள். 1.1.1996 முதல் அது பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. முழு சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 10.12.2014 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பணமாகப் பார்த்தால் புரியும். 100 சதவீத ஊனத்துக்குத் தருவது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 40,000 என்று வைத்துக்கொண்டால் முழு ஊனத்துக்கு 12,000. உங்கள் 30 சதவீதத்துக்கு 3,600. அதையே 50 ஆக்கினால் 6,000. இதன் மேல் பஞ்சப்படி வேறு. பி.பி.ஓ. எனும் பென்ஷன் உத்தரவின் நகலோடு ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். மறுத்தால் தீர்ப்பாயம் போங்கள். உங்கள் வழக்கில் வாதாட அதிகம் இல்லை, ஊனம் சர்வீசால் வந்தது என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் மகன் வருடாந்திர லீவில் வந்திருந்தபோது பைக்கில் விழுந்து கால் போய்விட்டது. பென்ஷன் வருமா?
- ஒரு தந்தை, ஆரணி

ஐயா, மனசு கஷ்டமாக இருக்கிறது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். லீவில் சொந்த வேலையாகப் போய் விழுந்தால், அது சர்வீசால் வந்த காயமல்ல என்று 2011இல் ஜுஜார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் யூனிட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலோ, திரும்பிச் சேரும் வழியிலோ நடந்திருந்தால் கதையே வேறு, அந்தப் பயணம் டியூட்டியில் சேரும். விபத்து எந்த நாள், எந்த இடம்? ரயில் டிக்கெட், லீவ் சர்டிபிகேட், போலீஸ் எஃப்.ஐ.ஆர். எல்லாவற்றையும் எடுத்து வைத்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.

100 சதவீத ஊனம். படுக்கையில் இருக்கும் அண்ணனைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏதும் பணம் உண்டா?
- ஒரு வாசகர், திருப்பத்தூர்

உண்டு தம்பி. துணையாள் படி. 7ஆவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2017இல் மாதம் 6,750 ரூபாய் ஆக்கினார்கள்; இப்போதைய தொகையை ரெக்கார்ட் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் ஆள் துணை வேண்டும் என்று மெடிக்கல் போர்டு எழுதியிருக்க வேண்டும், ஆளும் உண்மையில் துணைக்கு இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கும் நாட்களுக்குக் கிடையாது. அண்ணனின் பேப்பரில் அந்தப் பரிந்துரை விட்டுப்போயிருந்தால், மறு போர்டு கேட்டு அவர் பெயரிலேயே ரெக்கார்ட் ஆபீசுக்கு மனு அனுப்புங்கள்; கையெழுத்துப் போட முடியாவிட்டால் பெருவிரல் ரேகை வைத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடட்டும்.