வாசகர் கேள்வி: பாட்டன் காலத்து ரைபிளுக்கு வீட்லயே தோட்டா அடைக்கலாமா?

கேள்வி (தொண்டி பக்கமிருந்து ஒரு வாசகர்): அண்ணே, எங்க அப்பா போன வருஷம் தவறிட்டாங்க. மரப்பெட்டிய இப்பத்தான் தொறந்தோம், பாட்டன் காலத்து ரைபிள் ஒண்ணு இருக்கு. ட்ரிகருக்குக் கீழ ஒரு லீவர், பக்கவாட்டுல கிரீடம் போட்டு வி.ஆர்.னு எழுத்து, 1880ன்னு வருஷம். ஆயுத பூஜைக்கு மட்டும் வெளிய எடுத்து சந்தனம் வைப்பாங்க. அப்பா பேர்ல லைசென்ஸ் புக் இருக்கு, காலித் தோட்டாக் கூடு பத்து இருக்கு. வெளிநாட்டுல அந்தக் கூட்டுலயே திரும்ப மருந்து போட்டு அடைக்கிறத வீடியோல பார்த்தேன். நானும் தொடங்கலாம்னு ஆசை, மொதல்ல என்ன மெஷின் வாங்கணும்?

பதில்: தம்பி, மெஷின் எதுவும் வாங்காதீங்க, ஆர்டர் போட்டிருந்தா இன்னைக்கே கேன்சல் பண்ணுங்க. நான் ராணுவத்துல இருபது வருஷம் துப்பாக்கி ரிப்பேர் பார்த்தவன், உங்க ஆசை எனக்கு நல்லாவே புரியுது, அதனாலதான் இவ்வளவு நேரா சொல்றேன். 1959 ஆயுதச் சட்டத்துல "தோட்டா"ங்கிற வார்த்தைக்குள்ளயே தோட்டாவோட பாகங்களும் அத செய்யிற மெஷினும் சேர்ந்து வருது. அதாவது ஒரு ரவுண்டு கூட அடைக்காம மெஷின மேசை மேல வச்சிருந்தாலே லைசென்ஸ் இல்லாம தோட்டா வச்சிருக்கிற மாதிரித்தான். தோட்டா தயாரிக்கிறதுக்கு அதே சட்டத்துல தனி லைசென்ஸ் வேற கேக்குது. அமெரிக்காவுல அது பொழுதுபோக்கு, அந்த வீடியோவ எடுத்தவருக்கு நம்ம ஊர் சட்டத்தப் பத்திக் கவலையில்ல.

அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம் இருக்கு. அப்பா பேர்ல இருந்த லைசென்ஸ் அப்பாவோட முடிஞ்சுபோச்சு, இப்ப அந்த ரைபிள் உங்க வீட்ல இருக்கிறதே சட்டப்படி சரியில்ல. பயப்படாதீங்க, இதுக்கு வழி இருக்கு. தாமதிக்காம பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் வாங்கின ஆயுத டீலர்கிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கணும், அந்த ரசீத பத்திரமா வைங்க, வாரிசுக்கு லைசென்ஸ் கிடைச்சதும் திரும்பக் கேக்குற உரிமை உங்களுக்குத்தான். ஆனா நீங்களா சாக்குல சுத்தி பஸ்ல தூக்கிட்டுப் போயிராதீங்க, மொதல்ல ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுங்க, எப்படிக் கொண்டு வரணும்னு அவங்களே சொல்லட்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய லைசென்ஸ் புக், கூடப் பொறந்தவங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கிறது, இதெல்லாம் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல விண்ணப்பிக்கணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் பேர்ல ரெண்டு துப்பாக்கிக்கு மேல கூடாது, வாரிசா வந்தாலும் அதே கணக்குத்தான்.

"ஆன்டிக்தானே, லைசென்ஸ் வேண்டாம்"னு உங்ககிட்ட யாராவது சொல்லுவாங்க. பழம்பொருளுக்கு விலக்கு இருக்கிறது உண்மைதான், ஆனா ரிப்பேர் பண்ணினாலும் பண்ணாட்டாலும் சுட முடியாத நிலையில இருந்தாத்தான் அந்த விலக்கு. நல்லா எண்ணெய் போட்டு வச்சிருக்கிற ரைபிளுக்கு அது பொருந்தாது.

இப்ப ரைபிள் கதைக்கு வர்றேன். நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது மார்டினி-ஹென்றியா இருக்கணும், 1871ல பிரிட்டிஷ் படைக்கு வந்தது, வி.ஆர்.னா விக்டோரியா ராணி. அதோட தோட்டா 577/450ங்கிற அளவு, குழல் வாய் சுமார் 11.4 மில்லிமீட்டர், ஈயக்குண்டே 31 கிராம் எடை. ஆனா லீவரப் பார்த்து மட்டும் முடிவு பண்ணக் கூடாது, இதே மார்டினி பாடியில பின்னாடி .303ங்கிற ராணுவத் தோட்டாவுக்கான பேரல், அதாவது குழல், மாத்தின துப்பாக்கியும் உண்டு, அதோட வாய் 7.7 மில்லிதான். .303ன்னு வந்துட்டா அது தடை செய்யப்பட்ட குழல் அளவு, விஷயம் மத்திய உள்துறை வரைக்கும் போகும். நம்ம நாட்டு ஆர்டனன்ஸ் ஃபேக்டரி (அரசு ஆயுதத் தொழிற்சாலை) சிவிலியனுக்கு .315 ரைபிள் செஞ்சதே ராணுவத் தோட்டா வெளிய புழங்கக் கூடாதுன்னுதான்.

சட்டத்த ஒரு நிமிஷம் ஓரமா வச்சாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். அந்தக் காலத்து மார்டினி கரிமருந்துக்குச் செஞ்சது, இப்ப வர்ற புகையில்லா மருந்து அழுத்தத்துல வேற ஜாதி, கொஞ்சம் கணக்குத் தப்பினாலும் பேரல் உங்க மூஞ்சிக்கு நேராத்தான் வெடிக்கும். அந்தப் பத்துக் கூட்டையும் நல்லாப் பாருங்க, பித்தளைத் தகட்ட உருட்டி அடியில இரும்பு வட்டம் வச்சிருந்தா அது ஆரம்பகாலத் தோட்டா, திரும்ப அடைக்கவே லாயக்கில்ல. முழுப் பித்தளையா இருந்தாலும் பல தடவ சுட்ட கூடு உள்ளுக்குள்ளயே மெலிஞ்சு போயிருக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. ட்ரெயினிங்ல .303 கூடு ஒண்ணு ரெண்டாப் பிஞ்சு, முன்பாதி தோட்டா உக்கார்ற சேம்பர்லயே மாட்டிக்கிட்டத நான் பார்த்திருக்கேன், அன்னைக்கு சுட்ட பையன் கை அரை மணி நேரம் நடுங்குச்சு. அது அளவெடுத்து ஃபேக்டரில செஞ்ச ரவுண்டு தம்பி.

கேள்வி (கீழக்கரை வாசகி): தம்பி, எங்க வீட்டு அலமாரில பச்சை பூத்த பழைய தோட்டா ஆறு இருக்கு. பையன் கடல்ல வீசிறலாம்ங்கிறான்.

பதில்: வேண்டாம்மா. வீசினா நாளைக்கு யாரோ ஒருத்தர் வலையில அது ஏறும். பச்சை களிம்ப சுரண்டாதீங்க, தட்டாதீங்க, கொறடு வச்சுப் பிரிக்கவே கூடாது, இருக்கிற எடத்துலயே விட்டுட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க, அவங்க வந்து எடுத்துக்கட்டும்.

கேள்வி (மண்டபம் வாசகர்): லைசென்ஸ் இருக்கு அண்ணே, ஆனா உப்புக்காத்துல துரு நிக்க மாட்டேங்குது, தேங்காயெண்ணெய் போடுறேன்.

பதில்: தேங்காயெண்ணெய நிறுத்துங்க, அது பிசுபிசுன்னு கெட்டியாகி ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும், துணில தொட்டு மெல்லிசாத் தடவுங்க, வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல வாரம் ஒரு தடவ. தோல் உறைக்குள்ள வைக்காதீங்க, தோல் ஈரத்த உறிஞ்சி இரும்புக்குக் குடுத்துரும். பழைய ராணுவ ரவுண்டு சுட்டிருந்தா அதோட கேப், அதாவது தோட்டா அடியில தீ வைக்கிற மூடி, பேரல்ல உப்ப விட்டுட்டுப் போயிருக்கும், எண்ணெய்ல அது கரையாது, .303 காலத்துல நாங்க புனல் வச்சு கொதிதண்ணிய பேரல்ல ஊத்தி, காயவச்சு, அப்புறந்தான் எண்ணெய் போடுவோம். உப்புத்தாள் மட்டும் போட்டுறாதீங்க, எழுத்தும் வருஷமும் தேஞ்சு போச்சுன்னா அது எந்த ஃபேக்டரில, எந்தக் காலத்துல செஞ்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ரெண்டு சொட்டு உள்ளங்கையால தேச்சு விடுங்க.