மீன் சதையில் மஞ்சள் புழு: குழம்பு சாப்பிட்டவர்களுக்கு ஆபத்தா?

கேள்வி: டொக்டர், வவுனியாவிலிருந்து வந்த உறவினர் குளத்து விரால் கொண்டுவந்தார். பாதியைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். பிரிட்ஜில் வைத்த மீதியை மறுநாள் வெட்டும்போது, செவுளுக்குப் பக்கத்தில் நெல்மணி அளவு மஞ்சள் கட்டிகள் இருந்தன. கத்தி பட்டதும் ஒன்றிலிருந்து புழு நெளிந்து வந்தது. மகனுக்கு ஆறு வயது. எல்லோரும் பூச்சிக் குளிசை போட வேண்டுமா? கொரியாவில் வேலை செய்துவிட்டு வந்த என் தம்பியோ, "அங்கே ஆத்து மீனைப் பச்சையாகவே சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை" என்கிறான்.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகனை நினைத்துப் பயப்பட வேண்டாம். குழம்பு நன்றாகக் கொதித்து, சதை முள்ளை விட்டுக் கழன்று வந்ததென்றால் அதிலிருந்த புழுக்கள் செத்திருக்கும். செத்த புழு வயிற்றுக்குள் போனாலும் சதையோடு சதையாகச் செரித்துவிடும். குளிசை தேவையில்லை. பாமசியில் வாங்கும் மெபெண்டசோல் கொக்கிப்புழு, உருளைப்புழு போன்றவற்றுக்கானது, இதற்கான மருந்தே அல்ல.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அது கிளைனோஸ்டோமம் என்ற தட்டைப்புழுவின் குடம்பியாகத்தான், அதாவது முழுதாக வளராத இளம்புழுவாகத்தான் தெரிகிறது. இதன் வளர்ந்த புழு கொக்கு, நாரையின் வாயிலும் தொண்டையிலும் வாழும். பறவை தண்ணீரில் அலகை வைக்கும்போது முட்டைகள் குளத்தில் சேரும். அதிலிருந்து வரும் குடம்பி நத்தைக்குள் புகுந்து ஒன்று பலவாகப் பெருகும். அப்புறம் வால் முளைத்த குடம்பிகளாக வெளியே நீந்தி, மீனின் தோலைத் துளைத்து, சதைக்குள் கூடு கட்டிக் காத்திருக்கும். அந்த மீனைக் கொக்கு விழுங்கினால்தான் அதற்கு அடுத்த வாழ்வு. அதனால் மீன் பழுதாகிவிட்டது என்றோ, கொண்டுவந்தவர் ஏமாற்றிவிட்டார் என்றோ நினைக்காதீர்கள். கொக்கும் நத்தையும் உள்ள எந்தக் குளத்திலும் இது நடக்கலாம்.

பச்சையாகச் சாப்பிட்டவர்களின் தொண்டையில் இந்தப் புழு ஒட்டிக்கொண்டு வலியும் இருமலும் தந்தது ஜப்பானிலும் கொரியாவிலும் பதிவாகியிருக்கிறது. அரிதுதான். புழுவை இடுக்கியால் எடுத்ததும் சுகமாகிவிடும்.

நான் கவலைப்படுவது உங்கள் வெட்டுப் பலகையைப் பற்றி. மீன் வெட்டிய அதே பலகையில், அதே கத்தியால் சம்பலுக்கு வெங்காயமும் வல்லாரையும் அரிவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். குழம்பில் செத்துப்போகும் புழு, சம்பலில் சாகாது. பலகையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே பச்சையாக உண்ணும் எதையும் தொடுங்கள். பிரிட்ஜின் குளிர் புழுவைக் கொல்லாது என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். மைனஸ் 20 பாகையில் 7 நாள் உறைய வைக்க வேண்டும், வீட்டு பிரீசர்கள் பல அந்தக் குளிரை எட்டுவதில்லை. தேசிக்காய்ப் புளியில் ஊறிய மீன் வெளுத்து, வெந்ததுபோல் தெரியும். புழுவுக்கு அது ஒன்றுமே செய்யாது. நடுச்சதை 63 பாகைக்குச் சூடேற வேண்டும்.

சரி, தம்பிக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் பரிசோதனை தேவைப்படுபவர் அவர்தான். கொரிய ஆறுகளின் மீன்களில் குளோனோர்கிஸ் என்ற ஈரல் தட்டைப்புழுவின் குடம்பி இருக்கிறது. அது ஒரு மில்லிமீற்றரில் கால்வாசிகூட இல்லை, வெட்டும்போது கண்ணில் படவே படாது. பச்சை மீனோடு உள்ளே போய், பித்தக் குழாய்களில் இலை வடிவப் புழுவாக வளர்ந்து, 20 வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது, அதனால் "ஒன்றும் ஆகவில்லை" என்பதை நம்பி இருந்துவிட முடியாது. நாள்பட்டால் பித்தக் குழாயில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. கடல் மீன் மட்டும் சாப்பிட்டிருந்தால் இந்தப் புழுவுக்குப் பயமில்லை. அவரோ ஆற்று மீன் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

தயவுசெய்து அவரை ஒரு வைத்தியரிடம் அனுப்புங்கள். கொரியாவில் பச்சை ஆற்று மீன் சாப்பிட்டதை அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இங்கே யாருக்கும் இது நினைவுக்கு வராது. மலத்தில் முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் தடவை தென்படாவிட்டால் வேறு நாட்களிலும் மாதிரி கொடுக்கட்டும். இருந்தால் பிரசிகுவாண்டெல் என்ற மருந்து உண்டு, ஓரிரு நாளில் முடிந்துவிடும். அளவை உடல் எடை பார்த்து வைத்தியரே எழுதித் தருவார்.