தெருப் பெரியவர்களின் பேச்சிலிருந்து பழைய கடைகளின் வரலாற்றை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி: சாயங்காலமானால் எங்கள் தெருவில் நாலைந்து பெரியவர்கள் திண்ணையில் கூடுகிறார்கள். பழைய கடைகள், யுத்தம், ரேஷன், பர்மா என்று பேச்சு ஓடுகிறது. இதைப் பதிவு செய்து வைக்க ஆசை. ஆனால் வருஷம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது? எவ்வளவு நம்பலாம்?

பதில்:

முதலில் வருஷம் கேட்பதை நிறுத்துங்கள். எண்பது வயதுக்காரருக்கு எண் மறந்திருக்கும், பொருள் மறந்திருக்காது. "கடை எப்ப ஆரம்பிச்சாங்க?" என்றால் "அது ஆச்சு, ரொம்ப வருஷம்" என்று முடிந்துவிடும். "சீமெண்ணெயை எதுல அளந்து ஊத்துவாங்க, தாத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். தகரப் புனல், கைப்பம்பு, அளவுக் குவளை, பாட்டிலின் கழுத்தில் கட்டிய சணல், அதற்குக் கொடுத்த காசு, அதைக் கொடுத்த ஆள் என்று ஒவ்வொன்றாக வரும். வருஷத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அதற்கான தடயம் அவர் பேச்சிலேயே இருக்கும்.

பெரிய தடயம் காசு. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, அதாவது 12 தம்பிடி (பை). ஆகவே "டீ ஓரணா" என்றால் பொதுவாக 1957-க்கு முந்தைய நினைவு என்று கொள்ளலாம். ஆனால் நாலணா, எட்டணா என்ற சொற்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 25 பைசாவும் 50 பைசாவும் அந்தப் பெயரிலேயே பல பத்தாண்டு புழங்கின. 25 பைசா நாணயம் செல்லாமல் போனதே 2011 ஜூன் 30-க்குப் பிறகுதான். ஓரணா, இரண்டணா, மூன்றணாவுக்குத்தான் புதுக் காசில் நேர்க் கணக்கு இல்லை. 6, 12, 19 நயா பைசா என்று முழுமையாக்கினார்கள். "அரை பைசா போச்சு, கால் பைசா போச்சு" என்று கடைக்காரரோடு நடந்த சண்டை யாருக்காவது நினைவிருந்தால் அது 1957-ஐ ஒட்டிய சில வருஷங்கள். "நயா" என்ற சொல் 1964 ஜூனில் விடைபெற்றது.

ஓட்டைக் காலணாவை அவசியம் கேளுங்கள். நடுவில் துளையிட்ட அந்தக் காசு 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்டது. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த வந்த வடிவம் அது. அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு கடலை மிட்டாய் வாங்கப் போன பையனுக்கு இரண்டாம் உலகப்போர் கையில் வந்து சேர்ந்தது இப்படித்தான். உலகச் செய்தியும் தெருக்கடையும் ஒட்டிக்கொள்ளும் இந்த மாதிரி இடங்களைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

அடுத்தது எடையும் அளவும். மெட்ரிக் எடைக்கற்கள் 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக வந்து, 1962 ஏப்ரலில் கட்டாயமாயின. அதற்கு முன் பலம், வீசை, மணங்கு. 40 பலம் ஒரு வீசை (சுமார் 1.4 கிலோ), 8 வீசை ஒரு மணங்கு. தானியத்துக்கும் எண்ணெய்க்கும் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. படியை லிட்டராக மாற்றி எழுதும் ஆசை வரும், வேண்டாம். ஊருக்கு ஊர் படி மாறும், ஒரே ஊரில் சின்னப்படி பெரியபடி உண்டு. வீட்டில் பழைய படி இருந்தால் அதில் தலைதட்டி அரிசி நிரப்பி எடை போட்டு, அந்த எண்ணைத் தனியாகக் குறியுங்கள். பேச்சில் "படி" என்று வந்ததைப் படியாகவே விடுங்கள். சட்டம் மாறினாலும் வாய் மாறாது. 1967 தேர்தலில் அண்ணா "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று வாக்குறுதி தந்தபோது மெட்ரிக் கட்டாயமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

இனி உலக விவகாரம். இதை வெட்டி அரட்டை என்று ஒதுக்கினால் பாதி வரலாறு போய்விடும். கடைகளைப் பற்றி நான் கேட்கச் சொல்லும் முதன்மையான கேள்வி இது: "இந்தக் கடைக்கு முதல் போட்ட பணம் எங்கேயிருந்து வந்துச்சு?" பர்மா, மலேயா, சிலோன், பிறகு சவுதி, குவைத் என்று பதில் கடல் கடந்து போகும். ரங்கூனில் ஜப்பான் குண்டு வீசியது 1941 டிசம்பர் 23. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. கால்நடையாகவே ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. பர்மா அரிசி நின்றுபோனதும் இங்கே ரேஷன் வந்தது. ராஜாஜி 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். பர்மாவிலிருந்து இரண்டாவது அலை 1960-களில். பர்மாவின் ராணுவ ஆட்சியாளர் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கி, 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாததாக்கியது. ஊர் ஊராகப் பர்மா காலனிகளும், சென்னை ராஜாஜி சாலையில் பர்மா பஜாரும், அத்தோ (பர்மா நூடுல்ஸ்) விற்கும் தள்ளுவண்டிகளும் இதன் தொடர்ச்சிதான். யாராவது "பர்மாவிலேர்ந்து வந்தாங்க" என்றால் உடனே "நடந்து வந்தாங்களா, கப்பல்ல வந்தாங்களா?" என்று கேளுங்கள். நடந்து என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக 1942. கப்பல் என்றால் இரண்டு காலமும் சாத்தியம், வேறு தடயம் வேண்டும்.

போர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இது எல்லா ஊரிலும் நடக்கும் பிழை. 1962-இல் சீனா, 1965-இலும் 1971-இலும் பாகிஸ்தான்; மூன்றும் "யுத்த சமயம்" என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போகும். பிரித்தெடுக்கக் கடைகள்தான் உதவும். நகைக்கடையிலும் பத்தர் பட்டறையிலும் கேளுங்கள்: 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று ஆனது. பத்தர்கள் தொழிலை விட்டு வேறு வேலைக்குப் போன கதை வந்தால் அது சீனப் போரை அடுத்த காலம். சாஸ்திரி வாரத்தில் ஒருவேளைச் சாப்பாட்டை விடச் சொன்னார் என்று ஓட்டல் பேச்சில் வந்தால் 1965. கவருக்குக் கூடுதலாக 5 பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலை ஒட்டியது நினைவிருந்தால் 1971 நவம்பருக்குப் பிறகு.

பேசுபவர் பிறந்த வருஷத்தோடு 6 அல்லது 7 கூட்டுங்கள். அதற்கு முன் நடந்ததை அவர் பார்த்ததாகச் சொன்னாலும் பெரும்பாலும் கேட்டதாகவே இருக்கும். பொய் என்று நினைக்க வேண்டாம். அம்மா நூறு முறை சொன்ன கதை சொந்த நினைவு போலவே பதியும். எழுதும்போது ஒவ்வொரு செய்திக்கும் ஓரத்தில் "பார்த்தது", "கேட்டது", "படித்தது" என்று குறி போடுங்கள். முதல் உலகப்போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. இன்று அதைப் பேசுகிறவர் எவரும் பார்த்தவர் அல்லர். ஆனாலும் யாரையாவது "சரியான எம்டன்" என்று அவர் திட்டுவது மதிப்புள்ள பதிவு, அந்தச் சொல்லின் வழியாகத்தான் அந்தக் கப்பல் இன்னும் தெருவில் இருக்கிறது.

நடுவில் திருத்தாதீர்கள். ஜப்பான் விமானத்தையும் எம்டனையும் ஒருவர் குழப்பினால் அப்படியே பதிவாகட்டும். தேதி சொல்லித் திருத்திய கணம் முதல் அவர் உங்களுக்குப் பரீட்சை எழுதத் தொடங்கிவிடுவார். சரியான தேதி உங்கள் குறிப்பில் வந்தால் போதும்.

நடைமுறைக்கு வருகிறேன். திண்ணைக் கூட்டம் ஆள் பிடிக்கவும் பேச்சின் வாசனை தெரியவும் நல்லது, பதிவுக்கு உதவாது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் சொன்னது என்று பிறகு உங்களுக்கே தெரியாது. குரல் பெரிதானவர் மற்றவர் நினைவை மூடிவிடுவார். அங்கே நோட்டில் தலைப்புகளை மட்டும் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை வீட்டில் ஒருவரை அல்லது இருவரைப் பதியுங்கள். இருவர் நல்லது, ஒருவர் விட்டதை மற்றவர் எடுப்பார். 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் போதும்.

கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவரிடமிருந்து ஒன்றரை அடிக்குள் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் இடிபோல் விழும். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அதற்கு நேர் கீழே உட்காராதீர்கள். வேவ் கோப்பாக ஒற்றைத் தடத்தில் (48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்) பதிந்தால் மணிக்குச் சுமார் 350 எம்பி ஆகும். இடம் போதாவிட்டால் 128 கேபிபிஎஸ் எம்பி3. மணிக்கு 60 எம்பிக்குள் அடங்கும், பேச்சுக்கு அது போதும். முதல் நிமிடத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், பிறந்த ஊர், "பதிவு பண்ணலாமா, மத்தவங்க கேட்கலாமா" என்ற அனுமதி எல்லாம் அவர் குரலிலேயே வரட்டும். எழுத்தில் பெயர்க்க ஒரு மணிப் பதிவுக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கிவிடாதீர்கள். "கிருஷ்ணாயில்" என்றவரை "மண்ணெண்ணெய்" என்றும், "அஸ்கா" என்றவரைச் "சர்க்கரை" என்றும் மாற்றினால், ஒடிசாவின் அஸ்கா ஊர் ஆலைச் சர்க்கரை இந்தத் தெருவரை வந்த வழியை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

கேள்விக்கு ஒழுங்கு வேண்டுமானால் தெருவையே பிடியுங்கள். ஒரு தாளில் தெருவைக் கோடாகப் போட்டு, கோயில் முனையிலிருந்து இடது வரிசை முழுவதையும், பிறகு வலது வரிசையையும் கட்டம் கட்டமாக நிரப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் "அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?" என்று இரண்டு முறை கேட்டால் மூன்று தலைமுறைக் கடைகள் கிடைக்கும். சைக்கிள் வாடகைக் கடை, விறகுத் தொட்டி, நாட்டு மருந்துக் கடை, ரேடியோ ரிப்பேர், வெற்றிலைக் கடை என்று வரிசை வளரும். இருவர் வெவ்வேறாகப் போட்ட வரைபடங்களை ஒட்டிப் பாருங்கள். எங்கே முரண்படுகிறதோ அங்கேதான் இடம் கைமாறியிருக்கும். வில்லங்கச் சான்று எடுத்தால் தெளியும்.

ஆண்களின் திண்ணையோடு நிறுத்திவிடாதீர்கள். ரேஷன் வரிசையில் நின்றதும், சீமெண்ணெய் கார்டைப் பத்திரமாக வைத்ததும், கடன் சொல்லிப் பருப்பு வாங்கியதும் வீட்டுப் பெண்கள்தான். மளிகைக் கடையின் உள்விவரம் பாட்டிகளிடம் இருக்கும்: எந்தக் கடையில் புளியில் கொட்டை அதிகம், யார் முறத்தில் புடைத்துக் கொடுத்தார், யார் தராசைத் தட்டினார் என்பது வரை. அடுப்படிக்குப் பக்கத்தில், அவர்கள் வேலை ஓய்ந்த பிற்பகலில் போங்கள்.

காகிதங்களைக் காட்டச் சொல்லுங்கள், தேதி இல்லாத பில்லும் தேதி சொல்லும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. ஆறு இலக்க எண் இருந்தால் அதற்குப் பிந்தியது. மாநிலம் மதராஸ் என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியதாக இருக்கலாம். நகரம் சென்னை என்று அதிகாரபூர்வமாக ஆனது 1996. பெயர்ப்பலகையில் லை, னை எழுத்துகள் தும்பிக்கை போல வளைந்த பழைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கை. ஆனால் பழகிய ஓவியர்கள் அதற்குப் பிறகும் அப்படியே எழுதினார்கள், பழைய தாளைத் தீரும்வரை பயன்படுத்திய கடைக்காரர்களும் உண்டு. ஒரே சான்றை வைத்து முடிவு கட்டாதீர்கள், இரண்டாவது வேண்டும்.

கணக்குப் புத்தகம் கிடைத்தால் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து படமெடுங்கள். பிள்ளையார் சுழிக்குக் கீழே தமிழ் வருஷப் பெயர் இருக்கும். 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதை மறக்க வேண்டாம்: தாது 1876-லும் உண்டு, 1936-லும் உண்டு. ௧, ௨ என்ற தமிழ் எண்களோடு ௶ (பற்று), ௷ (வரவு), ௸ (மேற்படி), ௹ (ரூபாய்) குறிகள் வரும். பற்று நோட்டில் கடன் வைத்தவர்களின் பெயர் இருக்கும். அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள். பெயர்களை மறைத்த பிரதியை மட்டும் வெளியே காட்டுங்கள்.

ஒவ்வொரு பதிவையும் மூன்று இடத்தில் வையுங்கள்: உங்கள் கணினி, தனி ஹார்டு டிஸ்க், பேசியவரின் வீடு. வீட்டுக்குக் கொடுப்பதைப் பென் டிரைவில் கொடுத்து, பேரன் பேத்தியின் கைப்பேசியிலும் ஏற்றிவிடுங்கள். கொடுக்கப் போகும் அன்று ரெக்கார்டரை எடுத்துப் போக மறக்காதீர்கள். தன் குரலைத் தானே கேட்கும்போதுதான் "அட, இதைச் சொல்ல விட்டுட்டேனே" என்று அடுத்த கடையின் கதையைத் தொடங்குவார்கள்.