உச்சியை வெட்டினால் மரம் விழாதா?

வீட்டை ஒட்டி ஓங்கி வளர்ந்த மரம், தழையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மரம் வெட்ட வந்தவர்கள் "பாதி உயரத்துக்கு மொட்டையடித்துவிட்டால் காற்றுக்கு விழாது" என்கிறார்கள், செய்யலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

இலைதான் மரத்துக்கு உணவு சமைக்கிறது. அதில் பெரும்பகுதி ஒரே நாளில் போனால், சேமிப்பில் இருந்ததையெல்லாம் செலவழித்து வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் போத்து, அதாவது புதுத் துளிர்க்கிளை, விடும். பழைய கிளை தண்டோடு சேர்ந்தே வருடக்கணக்கில் பருத்தது, இந்தப் போத்தோ மேலாக மட்டும் ஒட்டியிருக்கும். சில வருடங்களில் பழைய உயரத்துக்கே வந்துவிடும், அதற்குள் கீழே வெட்டுவாய் உளுத்துப்போக ஆரம்பித்திருக்கும், பிறகு ஒரு காற்றில் ஒடிந்து விழுவது இந்தப் போத்துகள்தான். திரும்ப வெட்ட அதே ஆட்கள் வருவார்கள், திரும்பக் காசு.

மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. சுற்றிலும் தடுப்பு எழுப்பி அழுகலை உள்ளேயே அடைக்கப் பார்க்கும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து 1970களில் இதை விளக்கினார். அதனால் எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் விஷயம். கிளை தண்டில் சேருமிடத்தில் லேசாகப் புடைத்திருக்கும், அந்தப் புடைப்பைத் தொடாமல் அதை ஒட்டி வெட்ட வேண்டும், நடுக்கிளையில் குச்சி விட்டு வெட்டக் கூடாது. வெட்டுவாயில் பெயிண்ட் பூசுகிறேன் என்று தனியாகப் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். காலில் ஆணிமுள் கட்டிக்கொண்டு பச்சை மரத்தில் ஏறுகிறவரை அப்போதே இறக்கி அனுப்புங்கள். "இலவசமாக வெட்டித் தருகிறேன், கட்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்பவருக்கு எந்தக் கிளை வேண்டும்? நல்ல தடிமனான கிளைதான், அது போனால் உங்கள் மரம் என்ன ஆகும் என்பது அவர் கவலை இல்லை.

அப்படியென்றால் சில சாலையோர மரங்களைத் திரும்பத் திரும்ப மொட்டையடித்தும் நன்றாக இருக்கிறதே என்பீர்கள். அது வேறு முறை. மரம் இளசாக இருக்கும்போதே, கிளைகள் மெலிதாக இருக்கும்போதே தொடங்குவார்கள், ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் வெட்டுவார்கள், அந்த இடம் முண்டு போலத் திரண்டுவிடும், அதற்குப் பிறகு தளிரை மட்டும் எடுப்பார்கள், முண்டில் கத்தி படாது. இடையில் பல வருடம் விட்டுவிட்டால் போத்து கனத்துக் கிழிந்து விழும். எல்லா மரமும் இதைத் தாங்காது. வளர்ந்து முதிர்ந்த உங்கள் மரத்தில் இன்று இதைத் தொடங்க வழியே இல்லை.

பெரும்பாலும் மரத்தைச் சாய்ப்பது உயரம் இல்லை, வேர் சேதம். வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில் அரை மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கிறது, கிளைப்பரப்பைத் தாண்டியும் ஓடுகிறது. ஒரு கிளையை எடுக்க அனுமதி கேட்டு மனுவோடு அலைய வேண்டியிருக்கிறது, குழாய் பதிக்க ஒரு பக்க வேரை முழுதாக அறுத்துப் பள்ளம் தோண்டும்போது ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இது பொறுக்கவே முடியவில்லை.

எனவே அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு அடிமரத்தைப் பாருங்கள். மண் வெடித்து எழும்பியிருக்கிறதா, புதிதாகச் சாய்ந்திருக்கிறதா, அடியில் தட்டு தட்டாகக் காளான் இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் கீழே யாரையும் நிற்கவிடாமல், வெட்டுகிற ஒப்பந்தம் இல்லாத ஒரு மர நிபுணரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். எதுவும் இல்லையென்றால் காய்ந்த கிளையையும் கூரையை உரசும் கிளையையும் மட்டும் எடுங்கள், பச்சைத் தழையில் கால்வாசிக்கு மேல் ஒரே வருடத்தில் போகக் கூடாது.